வலையை அறுத்தது அவர்கள், வழக்கு எங்கள் மேலா?

கேள்வி: நாகை மாவட்டத்தில் ஒரு மீனவ ஊர். நான் எங்கள் ஊர் பைபர் படகு மீனவர் சங்கச் செயலாளர். போன மாதம் ஒரு விடியற்காலையில், எங்கள் ஆட்கள் விட்டிருந்த செவுள் வலை மேல் வெளியூர் விசைப்படகு ஒன்று மடியை (இழுவை வலையை) இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று பேருக்கு வலை போச்சு. கரையிலிருந்து மூன்று கடல் மைல்கூட இருக்காது. எத்தனை மனு கொடுத்தும் யாரும் கண்டுகொள்ளாததால், ஆறு பேர் இரண்டு பைபரில் போய் அந்தப் படகை மடக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்தோம். வலைக்கு 3 லட்சம் தருவதாக டிரைவர் எங்கள் சங்க லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓனர் 50 ஆயிரத்தை என் நம்பருக்கு ஜிபேயில் அனுப்பியதும் படகை விட்டோம். ஆதாரத்துக்காக அவர்களுடைய ஜிபிஎஸ் கருவியை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது ஏழு பேர் மேல் எஃப்ஐஆர். கடலுக்கே போகாத என்னை முதல் எதிரியாக (முதல் குற்றவாளியாக) போட்டிருக்கிறார்கள். அழிந்துகொண்டிருக்கும் எங்கள் தொழிலுக்கு நியாயமே இல்லையா? நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி கலெக்டருக்கு மனு தயார் செய்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

தொழில் அழிவது, மனுக்கள் தூங்குவது எல்லாம் உண்மைதான். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதன் விதிகளும் கரையோரக் கடலை உங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கின்றன. ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. சிறு மீனவருக்காக இப்படிக் கடலைப் பிரித்துக் கட்டுப்பாடு போட மாநில அரசுக்கு உரிமை உண்டு என்பதை, கேரள அரசு எதிர் ஜோசப் ஆன்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளிலேயே சொல்லிவிட்டது. இதில் உங்களோடு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் உங்கள் மேல் போட்டிருக்கும் வழக்கில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: படகையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டு பணமும் கையெழுத்தும் வாங்கினீர்களா? விதியை மீறிய படகைப் பிடிக்கும் அதிகாரம் அரசு அங்கீகரித்த அதிகாரிக்கு. சங்கத்துக்குக் கிடையாது.

நீங்கள் அனுப்பிய எஃப்ஐஆரில் இப்போதைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 126, 127, 296, 351 என்று வழக்கமான பிரிவுகள்தான் இருக்கின்றன. வழிமறித்தது, அடைத்து வைத்தது, கெட்ட வார்த்தை, மிரட்டல். இதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டுப் பிறகு ஓடிவந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்ஐஆரில் இருக்கும் பிரிவுகள் கடைசி வரை அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், பிரிவை மாற்றக் கேட்டு எஸ்பியிடம் மனு கொடுப்பார். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தில் ஆல்டரேஷன் ரிப்போர்ட் (பிரிவு மாற்ற அறிக்கை) போட்டால் முடிந்தது.

எதற்கு மாறும்? பயமுறுத்தி எழுதி வாங்கிய கடிதம், அதே சட்டத்தின் 308: பணம் பறித்தல், ஏழு ஆண்டு வரை சிறை. அதற்குப் பணம் கைமாற வேண்டும் என்றுகூட இல்லை, மதிப்புள்ள ஆவணமாக மாற்றக்கூடிய ஒரு கையெழுத்து போதும். உங்கள் விஷயத்தில் கையெழுத்தும் இருக்கிறது, பணமும் வந்திருக்கிறது. அடுத்தது ஜிபிஎஸ். ஆளை மடக்கி வைத்துப் பொருளை எடுத்தால் அதைக் கொள்ளை என்று எழுத இடம் உண்டு. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 310, கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு. நீங்களே ஆறு பேர் என்று எண்ணிச் சொல்கிறீர்கள்.

'திருடும் எண்ணம் இல்லை, ஆதாரத்துக்குத்தான் எடுத்தோம்' என்பீர்கள். நல்ல எதிர்வாதம்தான். ஆனால் அதைச் சொல்லி விடுதலை வாங்குவதற்குள் சில வருடங்கள் ஓடிவிடும். அந்த ஆறு பேரில் வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போகக் காத்திருக்கும் பையன்கள் யாராவது இருந்தால், நிலுவையில் உள்ள குற்ற வழக்கு பாஸ்போர்ட்டில் வந்து நிற்கும். அந்த ஜிபிஎஸ் ஆதாரமாகவும் இனி அவ்வளவாகத் தேறாது. பல நாளாக உங்கள் வீட்டில் இருந்த கருவியில் பதிவாகியிருப்பதை யார் நம்புவார்கள்? பெரும்பாலான விசைப்படகுகளில் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறார்கள். அன்று காலை அந்தப் படகு எங்கே இருந்தது என்ற பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி மீன்வளத் துறைக்கு உங்கள் வக்கீல் மூலம் இன்றே எழுதுங்கள். அதற்குத்தான் மதிப்பு.

'நான் கடலுக்கே போகவில்லை' என்கிறீர்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது இது. சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் பொது நோக்கத்துக்காகச் செய்த குற்றத்துக்கு அதில் இருந்த எல்லோரும் பொறுப்பு என்கிறது 190. ராத்திரி கரையில் நீங்கள் இருந்தீர்கள். லெட்டர்பேடு உங்களுடையது. டிரைவர் கோணல்மாணலாகப் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வட்ட முத்திரையும் 'செயலாளர்' என்று உங்கள் ஒப்பமும் பளிச்சென்று இருக்கிறது. பணம் வந்தது சங்கக் கணக்குக்கு அல்ல, உங்கள் சொந்தக் கணக்குக்கு. ஊருக்காகப் பேசப் போனவர் முதல் எதிரியானது இப்படித்தான். மற்ற ஆறு பேரையாவது 'இருட்டில் அடையாளம் தெரியவில்லை' என்று வாதாடிக் காப்பாற்ற வழி இருக்கலாம். உங்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது அந்த மனு. 'நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மடக்கிப் பிடித்தோம்' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது ஊருக்கே தெரியும். கலெக்டர் போலீஸ் அல்ல. குறைதீர் கூட்டத்தில் சீல் வைத்து வாங்கும் மனுவை அரசுத் தரப்பு அப்படியே எடுத்து உங்களுக்கு எதிராகக் காட்டலாம். பையன்கள் எடுத்த வீடியோவும் அப்படித்தான். இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். பயந்துபோய் அழிக்கவும் வேண்டாம், தடயத்தை அழித்தது என்று அதற்குத் தனியாக ஒரு பிரிவு சேரும்.

கவுண்டர் கேஸ் (பதில் புகார்) கொடுத்தால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வலை சேதத்துக்குப் புகார் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வலை அறுந்ததோடு நிற்க வேண்டும். அதன்பின் நடந்தது ஒரு வரிகூட அதில் வரக் கூடாது. இன்னொன்று, மீன்வளத் துறை அந்தப் படகுக்கு அபராதம் போட்டாலும் அது அரசுக்குத்தான் போகும். வலைக்காரர் கைக்குக் காசு வர சிவில் வழக்கு போட வேண்டும், இல்லையென்றால் பேசி முடிக்க வேண்டும்.

பேசி முடியுங்கள். அதுவும் சீக்கிரம். காரணம் இது: சமரசம் ஆகிவிட்டால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம், ஆனால் கூட்டுக்கொள்ளை போன்ற கடுமையான குற்றங்களை அப்படி ரத்து செய்யக் கூடாது என்று கியான் சிங் வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது. 308 மட்டும் வந்தால்கூட முயன்று பார்க்கலாம். 310 வந்துவிட்டால் விசைப்படகு ஓனரே மனம் மாறி வந்து நின்றாலும் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருக்கும்.

முதலில் ஏழு பேருக்கும் முன்ஜாமீன். ஜிபிஎஸ்ஸை ஒப்படைக்கத் தயார் என்று முன்ஜாமீன் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தால், நீங்கள் சொன்ன தகவலின் பேரில் கைப்பற்றியதாக மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதிவிடுவார்கள். அந்த 50 ஆயிரத்தைத் தொடாதீர்கள், வலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கி வையுங்கள். பேச்சு மீன்வளத் துறை உதவி இயக்குநர் முன்னால், இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரையும் வைத்துக்கொண்டு நடக்கட்டும். முடிவை இரு தரப்பு வக்கீல்களும் எழுத, சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மனுவாகத் தாக்கல் ஆகட்டும். மீதி இரண்டரை லட்சத்தை நிபந்தனையாக வைத்தால் பேச்சு முறியும், அதை விட்டுவிடுங்கள். வலைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் சொல்லட்டும். குறைவாகத்தான் சொல்வார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.