ஆளுநர் மக்குவாரி வெள்ளி டாலரில் ஏன் ஓட்டை போட்டார்?

ஓட்டை டாலர் என்பது நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்ட ஸ்பானிய வெள்ளி நாணயம். 1810 முதல் 1821 வரை, ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக இருந்த லாக்லன் மக்குவாரி அதைப் புழக்கத்துக்கு விட்டார்.

அந்தக் குடியேற்றத்தில் காசு தங்கவில்லை. சரக்குக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மக்கள் ரம் கொடுத்துக்கூடப் பொருள் வாங்கினார்கள். 1812இல் சென்னையிலிருந்து 40,000 ஸ்பானிய டாலர்கள் கப்பலில் வந்தன. கள்ளநாணய வழக்கில் தண்டனை பெற்று அங்கே வந்திருந்த வில்லியம் ஹென்ஷாலிடமே அவற்றை வெட்டும் வேலையைக் கொடுத்தார் மக்குவாரி. கைதியின் திறமையை மதித்த ஆளுநர் அவர்!

வெளிவளையம் 5 ஷில்லிங், நடுவில் வெட்டியெடுத்த வில்லை 15 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). வெட்டாத டாலரின் மதிப்பே சுமார் 5 ஷில்லிங்தான். ஆக, உள்ளூரில் மதிப்பு கால்பங்கு கூடியது; வெளியூரில் அது வெறும் வெட்டுப்பட்ட வெள்ளி. கேன்டீன் டோக்கனை வெளிக்கடையில் நீட்டினால் செல்லாது அல்லவா, அதுபோல. அதனால் கொண்டுபோவதில் லாபமில்லை.

1829இல் இவை செல்லாதவை ஆயின.

நடுவில்லையைக் கழிவாக வீசிவிட்டார்கள் எனப் பலர் நினைக்கிறார்கள். அதுவும் 1813 என்ற ஆண்டு பொறித்த தனி நாணயமே.