திரும்பவும் கடலுக்கா?

அய்யா, வணக்கம். "படகு, டீசல், கடன் என்று நான் பட்டது போதும் என்றுதான் பெண்ணைப் படிக்க வைத்தேன். அவளோ கடல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். சம்பளத்தைப் பிறகு பேசுவோம். அது என்ன வேலை என்று முதலில் சொல்கிறேன்.

கரை அரிக்கிறது, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டும் கல் தடுப்பு) போடு என்று ஓர் ஊர் மறியல் செய்கிறது. போட்டுக் கொடுத்தால், அதற்கு வடக்கே இருக்கிற ஊர் சில வருஷத்தில் மறியலுக்கு உட்காருகிறது. நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசுக் கடல் ஆய்வு நிறுவனங்கள் கணக்குப் போட்டு, ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றைத் தண்ணீருக்கு அடியில் இறக்கிய பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே திரும்ப மணல் சேர்ந்தது. எங்கே கல் கொட்டலாம், எங்கே கூடாது என்று அலையையும் மணலையும் அளந்து சொல்வதும் உங்கள் பெண் கேட்கிற படிப்புதான்.

அவளுக்கு மீன், பவளப்பாறை, அலையாத்தி என்றால் ஆசையா? நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷ மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு (பி.எஃப்.எஸ்சி.) இருக்கிறது. இல்லையென்றால் விலங்கியல் முடித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்குப் போகலாம். மணலும் அலையும்தான் பிடிக்கும் என்றால் இயற்பியல், நிலவியல் (ஜியாலஜி), சிவில் இன்ஜினியரிங் இந்த மூன்றில் ஒன்று. எதுவானாலும் இளநிலையில் அடிப்படைப் பாடம், முதுநிலையில் கடல் என்பதே என் கட்சி. இடையில் மனசு மாறினாலும் பட்டம் வீணாகாது.

ஒரு எச்சரிக்கை. 'மரைன்' என்று போர்டில் இருப்பதெல்லாம் இது இல்லை. மரைன் இன்ஜினியரிங் கப்பல் இயந்திரம் பற்றியது. அது தெரியாமல் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

இப்போது சம்பளம். முதுநிலை முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால், 2023இலிருந்து உள்ள கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். முனைவர் பட்டம் முடிக்க 28, 29 வயது ஆகிவிடும். நிரந்தர இடங்கள் குறைவு. அதுவரை புராஜெக்ட் வேலைதான், புராஜெக்ட் முடிந்தால் அதுவும் முடியும். இதை மறைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

லீவில் ஒருநாள் கழிமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். முழங்கால் சேற்றில் நின்று, வெயிலில் பத்து பாட்டில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மார்க் ஷீட்டோடு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான்.