பழைய சியன்னாவை விற்றுவிட்டு மியாட்டா வாங்கலாமா?

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், இரண்டு குழந்தைகள், 2015 டொயோட்டா சியன்னா மினிவேனைக் கொடுத்துவிட்டு 2021 மாஸ்டா மியாட்டா கன்வர்டிபிள் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வீட்டில் வேறு கார் இல்லையென்றால் வேண்டாம். மியாட்டாவில் இருக்கையே இரண்டுதான்.

எஞ்சின் பலத்தை மட்டும் பார்த்தால் வேன்தான் முந்தும். அதன் 3.5 லிட்டர் வி6 தருவது 266 குதிரைத்திறன். மியாட்டாவின் 2 லிட்டர் எஞ்சின் 181. ஆனால் வேனின் எடை ஏறக்குறைய 2,000 கிலோ, மியாட்டா அதில் பாதியும் கொஞ்சமும்தான். விஷயமே அங்கேதான் இருக்கிறது. மியாட்டாவுக்குப் பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமமான எடை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் திரும்பும். வேனோ வளைவில் சாய்ந்து, யோசித்துத்தான் வரும். பெட்ரோல் செலவும் மியாட்டாவுக்கே குறைவு.

ஆனால் மியாட்டாவின் டிக்கி சுமார் 130 லிட்டர்தான். மொத்தமாகச் சாமான் வாங்கும் கோஸ்ட்கோ கடைக்கு ஒரு நடை போனாலே திணறும்!

மியாட்டாவைப் பார்க்கப் போனால் துணிக்கூரையின் மடிப்புகளையும், மழைநீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்பதையும் முதலில் பாருங்கள். வேனை வைத்துக்கொள்வதென்றால் சறுக்குக் கதவின் கேபிளைச் சோதித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், வேனை வைத்துக்கொண்டு மியாட்டாவை இரண்டாவது காராக வாங்குவேன்.