பழைய கார் கேள்வி-பதில்: ஒட்டிக்கொண்ட கிளட்ச்

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று ஷெட்டில் பல மழைக்காலம் நின்றுவிட்டது. இப்போது எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கிளட்சை அடிவரை மிதித்தாலும் கரகரவென்று சத்தம்தான், கியர் விழவில்லை. எஞ்சினை அணைத்தால் விழுகிறது. கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் சிலிண்டர்) புஷ் ராடை, அதாவது அது தள்ளும் கம்பியை, பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் நகர்ந்தால் ஆயில் வேலை செய்கிறது. கிளட்ச் பிளேட்தான் ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) துருவில் ஒட்டியிருக்கிறது. ராடு அசையவில்லை, அல்லது நூலளவே அசைகிறது என்றால் பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு ஆயில் பக்கம். பெடலும் இறுகி நின்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

பிளேட்தான் என்றால், எஞ்சினை 20 நிமிடம் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். பெடலை முழுக்க அழுத்தி, அதற்கும் சீட்டுக்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஓரிரவு விடுங்கள். பல வண்டிகளில் பிளேட் இதிலேயே விட்டுவிடும்.

விடாவிட்டால் வண்டியை ஓட்டித்தான் உலுக்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டி என்பதால் பிரேக் பிடிக்கிறதா என்பதை அதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். ஆளில்லாத, சமதளமான மைதானம் வேண்டும். எஞ்சின் அணைந்த நிலையில் இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும், ஆகவே முன்னால் சுவரோ மனிதரோ இருக்கக் கூடாது. பெடலை விடாமல் ஆக்சிலரேட்டரைச் சட்டென அழுத்தி, சட்டென விடுங்கள். இடையிடையே பிரேக்கைத் தொடுங்கள். பிளேட் விட்டால் 'டப்' என்று தெரியும், எஞ்சின் தனியே சீறும். முதல் கியரில் இதைச் செய்ய வேண்டாம். முறுக்கம் பெருகி, ஹெரால்டின் பலவீனமான பின் அச்சுத்தண்டுக்குப் போகும். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து உலுக்குவதும் ஆபத்து, வண்டி சரிந்துவிடும். ஏழெட்டு உலுக்கலில் விடாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) ஓட்டை வழியே துரு நீக்கும் எண்ணெயை அடிக்கும் பழக்கம் நம் ஷெட்களில் உண்டு. பிளேட்டின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் அதைக் குடித்துவிடும். பிளேட் விட்டாலும் பிறகு வழுக்கும், அதிரும். எப்படியும் மாற்ற வேண்டிவரும்.

கடைசி வழி இறக்குவது. ஹெரால்டில் கியர்பாக்ஸ் வண்டிக்குள்ளிருந்தே வெளியே வரும்: சீட்டையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றி, எஞ்சினுக்குக் கீழே கட்டையோடு ஜாக்கி கொடுங்கள். கியர்பாக்ஸ் வெளியே வந்ததும் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் தட்டு) போல்ட்களை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் கழற்றினால் அதன் கவர் வளையும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்து ஊதவே கூடாது, மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். ஃப்ளைவீல் துருவை 120 நம்பர் எமரித் துணியால் எடுக்கலாம். ஸ்ப்லைனில் (பிளேட் நுழையும் தண்டின் பள்ளங்கள்) கிரீஸைப் பூசிவிட்டு அதை வழித்தெடுங்கள், மினுக்கம் மட்டும் நின்றால் போதும். மிச்சம் லைனிங்கில் தெறிக்கும்.

கேள்வி: அம்பாசடரில் கிளட்ச் பெடல் கல் போல நிற்கிறது, இறங்கவே இல்லை.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஸ்லேவ் சிலிண்டரின் ப்ளீடர் நிப்பிளை, அதாவது உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றும் சிறு திருகை, தளர்த்திவிட்டு மிதியுங்கள். பெடல் இறங்கினால் ஸ்லேவ் பிஸ்டன் இறுகியிருக்கிறது. அப்போதும் இறங்காவிட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரே பிடித்திருக்கலாம். கிளட்சிலும் ஊற்றும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் சிலிண்டரின் உட்சுவரில் துருவாகிறது.

நிப்பிளை மூடி, சிலிண்டரை பைப்போடேயே கழற்றித் தொங்கவிட்டு, ரப்பர் உறையை நீக்குங்கள். துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெடலை மெல்ல மிதிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் வராவிட்டால் பைப்பைக் கழற்றி, பைப் துளையில் பொருந்தும் இணைப்பை மாட்டி கிரீஸ் கன்னால் தள்ளலாம். அதன் அழுத்தம் காலைவிடப் பலமடங்கு. காற்று பிஸ்டனைத் தோட்டாவாகப் பாய்ச்சும், இது பாய்ச்சாது. கம்ப்ரஸர் பக்கமே போக வேண்டாம். கிரீஸ் பட்ட ரப்பர் ஊதிவிடும், புது ரப்பர் கிட் கட்டாயம். சுவரில் நகம் மாட்டும் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். லேசான கறை என்றால் 600 நம்பர் தண்ணீர்த்தாள் போதும். ஸ்பிரிட்டில் கழுவி, புது பிரேக் ஆயில் தடவிப் பூட்டி, நிப்பிள் வழியே உள்ளே நின்ற ஏரை எடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பிளேட் ஒட்டாமலிருக்கக் கிளட்ச் பெடலை அழுத்திக் கட்டிவைக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வைக்கலாம், ஆனால் ஆயில் கிளட்சில் அழுத்தம் மெல்லக் கசிந்து பிளேட் மறுபடி ஒட்டும். மாதம் ஒருமுறை எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, கிளட்சை 20 முறை மிதித்து விடுவது மேல்.