மரவள்ளியில் கிழங்கு எப்படிப் பிடித்திருக்கிறது? பிடுங்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு ஏக்கரில் எச்-226 மரவள்ளி போட்டு ஏழு மாதம் ஆகிறது. செடி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே கிழங்கு எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. மண்ணைத் தோண்டாமல் ரேடார் வைத்தே பார்க்கிறார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நமக்கு அது பயன்படுமா? வியாபாரி இப்போதே வயலோடு விலை பேசுகிறார்.

பதில்: செடியின் செழிப்பை நம்பி விலை பேசிவிடாதீர்கள். மரவள்ளியில் இலை ஒரு கதை சொல்லும், கிழங்கு வேறு கதை சொல்லும். தழைச்சத்தும் தண்ணீரும் கூடிப்போனால் செடி உண்டாக்கும் மாவில் பெரும்பகுதி தண்டுக்கும் இலைக்குமே போய்விடும். மேலே காடு போல நிற்கும். தோண்டினால் விரல் தடிமன்தான் இருக்கும். இப்படி ஏமாந்த வயல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் வளரும் தண்டின் நுனி. அதனால்தான் அதில் கண் இருக்கிறது, வெட்டி நட்டால் முளைக்கிறது. மரவள்ளிக் கிழங்கு பருத்த வேர். அதில் முளைக் கண் கிடையாது, நடுவதற்குத் தண்டுக் கரணைதான், அதாவது வெட்டிய தண்டுத் துண்டுதான் வேண்டும். கரணையின் அடியிலிருந்து பல வேர்கள் கிளம்பினாலும் சில மட்டுமே பருக்கின்றன. எது பருக்கும், எது சல்லிவேராகவே நிற்கும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று மாதத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் களை மூடினாலோ, மண் இறுகிக் கிடந்தாலோ எண்ணிக்கையே குறையும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் எண்ணிக்கை பெரிதாக ஏறாது, இருப்பதுதான் பருக்கும்.

உங்கள் பயிர் இப்போது அந்தப் பருக்கும் கட்டத்தில் இருக்கிறது. எச்-226 திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். முற்றுவதற்குச் சுமார் 10 மாதம் ஆகும். ஏறக்குறைய ஆறாவது மாதத்துக்குப் பிறகுதான் இலையில் உண்டாகும் மாவு வேகமாகக் கீழே இறங்கத் தொடங்கும். ஏழாம் மாதத்தில் வயலோடு விற்றால், இனி இறங்கப்போகும் மாவையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

சரி, ரேடார் விஷயம். நீங்கள் பார்த்தது உண்மைதான். கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் மரவள்ளி வயல்களில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்திருக்கிறார்கள். கருவி ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பும். ஈரப்பதம் சட்டென்று மாறும் இடத்தில் அலை எதிரொலிக்கும். கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் காய்ந்த, பொலபொலப்பான மண்ணில் அது தனியாகத் தெரியும். நனைந்த களிமண்ணில் அலை உள்ளே போகும்போதே அடங்கிவிடும். ஒரே செடியை மாதாமாதம் பிடுங்காமல் ஒப்பிட வேண்டிய ரக ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வரம். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவமனை ஸ்கேன் போன்ற கருவிகளை வைத்து சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் போலவே மண்ணுக்குள் பருக்கும் சர்க்கரை பீட்டில், இலையிலிருந்து சர்க்கரை எந்தப் பாதையில் இறங்குகிறது என்பதையே படமாக எடுத்தார்கள். ஆனால் ஒரு ஏக்கர் விவசாயிக்கு இந்தக் கருவிகளெல்லாம் இன்று தேவையில்லை. மண்வெட்டி, கொக்கித் தராசு, ஒரு டிரம் தண்ணீர் போதும்.

வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து எட்டுச் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரச் செடி வேண்டாம். வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அதில் கிழங்கு பெருத்திருக்கும். நல்ல செடியாகப் பார்த்துப் பொறுக்கவும் கூடாது. மண்ணை ஒரு பக்கம் விலக்கிப் பார்த்துவிட்டு மூடும் பழக்கத்தை நான் சொல்ல மாட்டேன். காயம் பட்ட கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். எட்டையும் முழுதாகப் பிடுங்கி எடை போடுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 4,840 செடி. பட்டுப்போனது பத்தில் ஒன்று என்று கழித்தால் சுமார் 4,350. எட்டுச் செடியில் 24 கிலோ கிடைத்தால் செடிக்கு 3 கிலோ, ஏக்கருக்கு 13 டன். அடுத்த மாதம் வேறு எட்டுச் செடியைப் பிடுங்குங்கள். 30 கிலோ வந்தால் அந்த ஒரே மாதத்தில் ஏக்கருக்கு 3 டன்னுக்கு மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வியாபாரியிடம் பேச இந்த வித்தியாசம்தான் உங்கள் பலம்.

அப்புறம் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்ற அளவு. ஆலைக்காரர் எடையோடு மாவுச்சத்தையும் பார்த்துத்தானே விலை போடுகிறார்? அதையும் வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். மண் போகக் கழுவிய கிழங்கு 5 கிலோ எடுத்து, மெல்லிய வலைப்பையில் போட்டு, தராசில் தொங்கவிட்டபடியே தண்ணீரில் முழுக்க அமிழ்த்துங்கள். பை அடியில் தட்டக்கூடாது. மாவு தண்ணீரை விட அடர்த்தியானது. மாவு கூடக்கூட நீருக்குள் காட்டும் எடையும் கூடும். இந்த மாதம் 560 கிராம், அடுத்த மாதம் 620 கிராம் என்றால் மாவு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் ஒரே அளவில் நின்றால் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. பிடுங்கிய அன்றே செய்துவிடுங்கள், மரவள்ளி இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கறுக்கத் தொடங்கும்.

ஐப்பசி மழையை மட்டும் மனதில் வையுங்கள். வறட்சியில் இலை உதிர்த்து நின்ற செடி, மழை கண்டதும் புதுத் துளிர் விடும். அந்தத் துளிருக்கான சத்து கிழங்கிலிருந்துதான் போகிறது. அந்த வாரம் அறுத்தால் எடை நன்றாக இருக்கும், பாயிண்ட் இறங்கியிருக்கும். புது இலை விரிந்து, முற்றி, மறுபடி மாவு இறக்கும் வரை பொறுங்கள். அதற்கிடையே வயலில் தண்ணீர் தேங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே வடித்துவிடுங்கள். வடியவில்லை என்றால் பாயிண்டைப் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள்.