லிங்கன் காண்டினெண்டல்: 1958-ஆம் ஆண்டுக் காரா, 1961-ஆம் ஆண்டுக் காரா?

கேள்வி: 1958-இல் வந்த லிங்கன் காண்டினெண்டலையும் 1961-இல் வந்ததையும் படங்களில் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கார்கள் என்றே நம்ப முடியவில்லை. எது உயர்ந்தது? 1961-ஆம் ஆண்டுக் காரின் பின்கதவுகள் ஏன் எதிர்ப்புறமாகத் திறக்கின்றன?

பதில்: 1961-ஆம் ஆண்டுக் காரே உயர்ந்தது என்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் முந்தைய காரின் அருமையைச் சொல்லாமல் அதைத் தள்ளிவிடவும் மனமில்லை.

போட்டி ஆடம்பரக் காரான காடிலாக்கை அளவாலேயே வென்றுவிடலாம் என்று, லிங்கனைத் தயாரிக்கும் ஃபோர்டு நிறுவனம் நம்பிய காலத்தில் பிறந்தது 1958-ஆம் ஆண்டுக் கார். அதன் நீளம் ஏறக்குறைய 5.8 மீட்டர். அடிச்சட்டமும் உடலும் தனித்தனியாக இல்லாமல் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருந்ததால், இவ்வளவு நீளமான கூடு வளையாமல் நிற்பதற்கு மேலும் மேலும் எஃகு சேர்க்க வேண்டியதாயிற்று. சாய்த்து வைத்த இரட்டை முகப்பு விளக்குகளும் பக்கவாட்டு மடிப்புகளும் கண்ணை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. அதே காரின் பின்கண்ணாடியோ உள்நோக்கிச் சரிந்து, பொத்தானை அழுத்தியதும் கீழே இறங்கி, பயணிகளின் தலைக்குப் பின்னால் காற்றோட்டம் தரும். அந்த நல்ல யோசனை அடுத்த தலைமுறைக்கு வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அமெரிக்காவில் பொருளாதாரம் தளர்ந்திருந்த ஆண்டில் வந்த அந்தக் கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

1961-ஆம் ஆண்டுக் கார் லிங்கனுக்காக வரையப்பட்டதே அல்ல. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் தலைமையிலான குழு ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டுக்காகச் செய்திருந்த களிமண் மாதிரியைக் கண்ட ஃபோர்டின் உயர் நிர்வாகி ராபர்ட் மெக்னமாரா (பின்னாளில் கென்னடியின் பாதுகாப்பு அமைச்சரானவர் இவரே) அதை நீட்டி நான்கு கதவு லிங்கனாக்கச் சொன்னார். நீளம் 5.4 மீட்டராகக் குறைந்தது. எடை மட்டும் இரண்டு டன்னுக்கு மேலேயே நின்றது. தோள் உயரத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஒற்றைக் குரோமியக் கோட்டைத் தவிர பக்கவாட்டில் அலங்காரம் என்று அநேகமாக எதுவும் இல்லை. அந்த அடக்கமே அந்தக் காரின் செல்வம் என்பேன்.

பின்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறப்பதற்கு அழகு காரணமல்ல. முன், பின் சக்கரங்களின் இடைவெளி 123 அங்குலமாகச் சுருங்கியதால், பின்னிருக்கையிலிருந்து இறங்குபவரின் பாதம் வழக்கமான கதவின் மீது இடித்தது; கீலைப் பின்பக்கத்துக்கு மாற்றியதும் வழி கிடைத்தது. மேற்கூரை மடங்கும் வகைக் காரில் இன்னும் நுட்பமான ஏற்பாடு உண்டு: கதவுகளுக்கு நடுவே கண்ணாடியைத் தாங்கத் தூண் இல்லாததால், பின்கதவைத் திறக்கும்போது அதன் கண்ணாடி தானாகவே சற்றுக் கீழே இறங்கி, முன்கதவின் கண்ணாடியில் உரசாமல் விலகும்.

பின்னிருக்கை நெருக்கமாக இருக்கிறது என்ற குறை நியாயமானதுதான். அதைப் போக்கவே 1964-இல் சக்கர இடைவெளியை 126 அங்குலமாக்கினார்கள். ஆனால் வளைந்திருந்த பக்கக் கண்ணாடிகளை அதே ஆண்டில் தட்டையாக்கிவிட்டார்கள்; வசதி வேண்டுபவர் 1964-ஆம் ஆண்டுக் காரைத் தேடலாம், வடிவத்தை நேசிப்பவர் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் கார்களையே தேட வேண்டும்.