ரொட்டி ஏன் ஊறிப்போகிறது?

கேள்வி: மாட்டுக் கொத்துக்கறியும் சீஸும் வைத்து வீட்டிலேயே சூடாக சாண்ட்விச் செய்கிறேன். எப்போதும் அடி ரொட்டி ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. கறியும் வறுபடாமல் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர். அரைக் கிலோ கறியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சின்ன வாணலியில் மொத்தமாகக் கொட்டினால், வாணலியின் சூடு சட்டென்று இறங்கி, கறி தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, கறி நன்றாகச் சிவந்து மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அகலமான, கனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, கறியை இரண்டு தடவையாகப் பரப்பிவிட்டு, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் இருங்கள். இதுதான் கஷ்டம், நானும் ஒரு காலத்தில் கரண்டியைக் கீழே வைக்காமல் கிளறிக்கொண்டே இருந்தவன்தான். காதைக் கொஞ்சம் கொடுங்கள்: முதலில் சளசளவென்று கொதிக்கிற சத்தம் வரும், சாறு வற்றியதும் அது சடசடவென்று மாறும். அப்போது திருப்பி, உடைத்துவிடுங்கள்.

கறியை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, உப்பு, மிளகுத்தூள், இரண்டு ஸ்பூன் தக்காளி சாஸ் சேர்த்துக் கறியோடு பிரட்டுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் சாறு ஓடி வந்து மூடக் கூடாது, அந்த அளவு வற்ற வேண்டும். ரொட்டியின் உள்பக்கத்தையும் லேசாக வாட்டி, மேலும் கீழும் சீஸ் வைத்து நடுவில் கறியை வையுங்கள், உருகின சீஸ் சாறு ரொட்டிக்குப் போகாமல் ஓரளவு தடுக்கும், கறியும் உதிராது.

கேள்வி: சீஸ் எனக்கு ஒன்று உருகுவதே இல்லை, இல்லாவிட்டால் எண்ணெய் பிரிந்து ரப்பர் மாதிரி ஆகிறது.

பதில்: தீ அதிகம். சூடு கூடிப்போனால் சீஸில் இருக்கும் புரதம் இறுகி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நாள்பட்ட செடார் வகை சீஸ் சுவையில் கெட்டி, ஆனால் சீக்கிரம் பிரியும். ஸ்லைஸாக விற்கிற பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது வழவழவென்று உருகும், சுவை மட்டும் சுமார். நான் இரண்டையும் கலந்துதான் வைப்பேன். துருவியே வரும் பாக்கெட் சீஸில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பதுண்டு, அதனால் கட்டியாக வாங்கி நீங்களே துருவுவது மேல். வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, சின்னத் தீயில், மூடி போட்டு வாட்டுங்கள், ரொட்டி கருகுவதற்குள் சீஸ் இளகிவிடும்.

கேள்வி: ஸ்டேக்கை, அதாவது முழுத் துண்டாக வாட்டும் மாட்டுக்கறியை, உள்ளே சிவப்பாகவே சாப்பிடுகிறார்களே, கொத்துக்கறியையும் அப்படி விடலாமா?

பதில்: கூடாது. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுக்க உள்ளே கலந்துவிடுகிறது. 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும், நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கொத்துக்கறியை உதிர்க்காமல் தட்டையாகத் தட்டி வைப்பவர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொத்துக்கறியைக் கழுவித்தானே சமைக்க வேண்டும்?

பதில்: வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, தெறித்துத் தொட்டியெல்லாம் பரவும். அப்புறம் அது குடித்த தண்ணீரை வற்றவைக்க நீங்கள்தான் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும்!

கேள்வி: முதல் நாளே செய்து வைக்கலாமா?

பதில்: கறியை மட்டும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். எடுத்ததும் வாணலியில் நன்றாகச் சூடாக்கி, அதன்பிறகு ரொட்டியில் வையுங்கள். சில்லென்ற கறியை அப்படியே வைத்து வாட்டினால் வெளியே கருகும், உள்ளே சில்லென்றே இருக்கும்.